மூளை சுருங்கிவிடுமா? திருக்கடலூர் அக்கா கேட்ட கேள்வி

போன கிழமை ஒரு பின்னேரம், ஏ.எல். பிள்ளைகளின் வகுப்பு முடிந்து கேற்றைச் சாத்தப் போன நேரத்தில், திருக்கடலூர் அக்கா போனை நீட்டிக்கொண்டு வந்தார். திரையில் இரண்டு மூளைப் படங்கள். ஒன்று கொழுகொழுவென்று இருந்தது, மற்றது மோர் மிளகாய் மாதிரி வற்றிக் கிடந்தது. கீழே கொட்டை எழுத்தில், அதிர்ச்சி மூளையைச் சுருக்கிவிடும் என்று போட்டிருந்தார்கள்.

"தம்பி, நீங்க உயிரியல்தானே படிப்பிக்கிறீங்க. இது உண்மையா? அவருக்கும் இப்படித்தான் சுருங்கிப் போயிருக்குமா?"

அவர் என்றது தன் கணவரை. நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர். கடற்றொழிலாளி. யுத்த காலத்து ஷெல்லடியும் சுற்றிவளைப்பும் கண்டவர். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா நாள், அன்று காலை அவர் கரையில்தான் நின்றார். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று முழுதாக யாருக்கும் சொன்னதில்லை.

வெளியே இருந்து பார்த்தால் மனிதருக்கு ஒன்றுமில்லை. இன்றைக்கும் கடலுக்குப் போகிறார். ஆனால் மாரி தொடங்கமுதல் வாய்க்காலைத் தோண்டிக் கறுப்புச் சேற்றை வீதியோரம் குவித்துவிடுவார்களே, அந்த மணம் மூக்கில் ஏறினால் போதும். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு வழியால் போய்விடுவார். ஒருமுறை நான் பக்கத்தில் இருந்தேன். பேசிக்கொண்டிருந்த வாய் பாதியில் நின்றது. முழங்கை மயிர் குத்திட்டு நின்றது. கண் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் எதையோ பார்த்தது. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு, "சரி, வா போவம்" என்றார்.

நான் வைத்தியன் இல்லை. அத்தானுக்கு இன்ன நோய் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அக்கா கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது. "ஆம்" என்றோ "இல்லை" என்றோ ஒற்றைச் சொல்லில் அடங்காத விடை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பெயர். எங்கள் நாட்டு வைத்தியர்கள் இதை நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்பார்கள். பெயர் நீளமாக இருப்பதால் பி.ரி.எஸ்.டி. என்ற சுருக்கம்தான் வாயில் நிற்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இந்தப் பெயர் ஏறியது 1980இல். நோய் அதைவிடப் பழையது. முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1915இல், சார்ள்ஸ் மயர்ஸ் என்ற பிரித்தானிய வைத்தியர் ஒரு மருத்துவ இதழில் இதை 'ஷெல் அதிர்ச்சி' என்று எழுதினார். ஷெல் என்றால் என்ன என்று திருகோணமலையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

குணங்குறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடந்தது கூப்பிடாமலே நினைவில் வந்து நிற்கும். கெட்ட கனவு வரும். அதை ஞாபகப்படுத்தும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் மனம் ஒதுக்கப் பார்க்கும். முன்பு பிடித்தவற்றில் பற்று விட்டுப்போகும், குற்ற உணர்வு அரிக்கும். உடம்பு எப்போதும் விழிப்பாகவே இருக்கும்: ஒரு கதவு அடித்துச் சாத்தினால் துள்ளி எழும்பும், நித்திரை வராது. இவை ஒரு மாதத்துக்கு மேலும் விடாமல் நின்று அன்றாட வாழ்க்கையைக் குழப்பினால்தான் இந்தப் பெயர். நடந்த மறுநாள் நடுங்குவது நோய் அல்ல. அது மனித இயல்பு.

இன்னொன்று. கொடுமையைக் கண்ட எல்லோருக்கும் இது வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், உலக மக்களில் ஏறக்குறைய 70 சதவீதமானோர் வாழ்நாளில் ஒரு முறையாவது இப்படியான ஒரு நிகழ்வைச் சந்திக்கிறார்கள். அப்படிச் சந்தித்தவர்களில் நோய் வருவது 5.6 சதவீதமானோருக்குத்தான். போர், வன்முறை என்று வரும்போது அந்த விகிதம் கூடும். அப்படியானால் ஒரே அலையில் அடிபட்ட இரண்டு பேரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவது ஏன்? மூளை ஆய்வு முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

இனி மூளைக்குள் போவோம். மூன்று இடங்கள் தெரிந்தால் போதும்.

முதலாவது அமிக்டலா. கிரேக்க மொழியில் பாதாம் பருப்பு என்று அர்த்தம். வடிவமும் ஏறக்குறைய அதுதான். காதுக்கு உட்பக்கமாக, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. இதன் வேலை வளவு நாயின் வேலை. ஏதாவது அசைந்தால் முதலில் குரைக்கும், யார் என்று பிறகுதான் பார்க்கும். அதைக் குறை சொல்ல முடியாது. பாம்பா கயிறா என்று யோசித்துக்கொண்டு நின்ற முன்னோர்கள் பலர் முன்னோர்களாகும் வரை உயிரோடு இருக்கவில்லை. கண், காது, தோல் தரும் செய்திகள் எல்லாம் தலமசு என்ற சந்தியில் இறங்கி ஏறித்தான் மூளைக்குள் போகும். மணம் மட்டும் அந்தச் சந்தியில் நிற்காத பஸ். அமிக்டலாவுக்கு நேரே போகும் வழி அதற்கு உண்டு. சேற்று மணம் அத்தானை ஒரு நொடியில் பிடித்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம்.

இரண்டாவது ஹிப்போகம்பஸ். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் மூளையை வெட்டிப் பார்த்த அரான்சி என்ற உடற்கூற்று அறிஞர், வளைந்து கிடந்த இந்த உறுப்பைப் பார்த்துக் கடற்குதிரை என்று பெயர் வைத்தார். வலையில் தப்பித்தவறி அகப்படும் கடற்குதிரையைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுருண்ட வால் ஞாபகம் வரும், அதே வளைவு. இதுவும் இரண்டு. அமிக்டலாவுக்குச் சற்றுப் பின்னால், ஒட்டினாற்போல் இருக்கும். ஒன்றின் கனவளவு மூன்று, மூன்றரை மில்லிலீற்றர்தான். ஒரு தேக்கரண்டி கூட நிரம்பாது.

இந்தச் சின்னத் துண்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது 1953இல் தெரிந்தது. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்க இளைஞருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக இரண்டு பக்கத்து ஹிப்போகம்பஸிலும் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். வலிப்புக் குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு சந்தித்த யாரும் அவருக்கு நினைவில் நிற்கவில்லை. 2008இல் இறக்கும் வரை அப்படியேதான் இருந்தார். பழைய நினைவுகள் பல இருந்தன, பேச்சு இருந்தது, புத்தியும் குறையவில்லை. புதிதாக நடந்ததை இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் நடந்தது என்று பதிய மட்டும் முடியவில்லை.

பிள்ளைகளுக்கு இதை நான் தபாற்கந்தோர் முத்திரை என்றுதான் சொல்லிக்கொடுப்பது. கடிதத்தின் மேல் குத்தும் முத்திரையில் இரண்டு விசயம் இருக்கும், ஊரும் திகதியும். ஹிப்போகம்பஸ் ஒவ்வொரு நினைவிலும் குத்துவது அந்த முத்திரையை. முத்திரை தெளிவாக விழுந்த நினைவைப் பிரித்தால், அது எப்போதோ எங்கேயோ நடந்து முடிந்த கதை. முத்திரை மங்கிப்போன கடிதம் வந்தால்? இன்று காலை போட்டதா, இருபது வருடத்துக்கு முன் போட்டதா என்று தெரியாது. பி.ரி.எஸ்.டி. உள்ளவர்கள் "அது ஞாபகம் வந்தது" என்று சொல்வது குறைவு. "அது திரும்ப நடந்தது" என்பார்கள். உயிர்ப்பயம் வந்த அந்த நேரத்தில் அமிக்டலா ஆழமாகப் பதிந்துவிடுகிறது, ஹிப்போகம்பஸின் முத்திரை அரைகுறையாக விழுகிறது என்பது ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் ஒரு கோட்பாடு. மணமும் சத்தமும் பயமும் இருக்கும், ஊரும் திகதியும் இருக்காது.

ஹிப்போகம்பஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒன்றைப் போல இருக்கும் இன்னொன்றை வேறு பிரித்துப் பார்ப்பது. நேற்று சைக்கிளை விட்ட இடமும் இன்று விட்ட இடமும் குழம்பாமல் இருப்பது அதனால்தான். அந்தப் பிரிப்பு தளர்ந்தால், சுனாமிச் சேறும் வாய்க்கால் சேறும் ஒன்றாகிவிடும். துவக்குச் சத்தமும் கோவில் வெடியும் ஒன்றாகிவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் கேலியாகச் சொல்வதை, ஆய்வுக்கூடத்தில் கேலி இல்லாமல் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

மூன்றாவது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி. பாடப்புத்தகத்தில் நுதற்சோணை என்று இருக்கும். அதன் அடிப்பக்கமும், இரண்டு மூளைப் பாதிகளும் ஒன்றையொன்று பார்க்கும் உட்சுவரில் வளையம் போல ஓடும் சிங்கியுலேட் என்ற பகுதியின் முன்துண்டும் நமக்கு முக்கியம். நாய் குரைத்தால் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சத்தம் போடாதே, அது பக்கத்து வீட்டுப் பொடியன்" என்று அதட்டுவாரல்லவா, அந்த வீட்டுக்காரர் இவர்தான். பி.ரி.எஸ்.டி. உள்ளவர்களுக்குப் பயமூட்டும் படங்களைக் காட்டியபடி ஸ்கான் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளில், நாய் வழமையைவிடக் கூடுதலாகக் குரைக்கிறது, வீட்டுக்காரரின் குரல் ஓங்கவில்லை.

சரி, இதுவரை சொன்னது இந்த இடங்கள் வேலை செய்யும் விதம். அக்கா கேட்டது அளவை. அதற்கு வருகிறேன்.

உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையை அளக்க எம்.ஆர்.ஐ. ஸ்கான் வேண்டும். இப்போது அளவெடுப்பதை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. 90களில் ஆள்தான் செய்தது. பாணை வெட்டினாற்போல மூளையைத் துண்டு துண்டாகக் காட்டும் படங்களில், ஒவ்வொரு துண்டிலும் ஹிப்போகம்பஸின் ஓரத்தைக் கையால் கோடிட்டு, எல்லாவற்றையும் கூட்டிக் கனவளவு கண்டுபிடித்தார்கள். கோடு போடுகிறவருக்கு இது நோயாளியின் படமா மற்றவருடையதா என்று தெரியக்கூடாது. தெரிந்தால் கை சாயும்.

அப்படி அளந்து 1995இல் டக்ளஸ் பிரெம்னரின் குழு வெளியிட்டதுதான் இந்தத் துறையின் முதல் பெரிய சேதி. வியட்நாம் போரிலிருந்து திரும்பி இந்த நோயோடு வாழ்ந்த 26 பேர், ஒப்பிட்டுப் பார்க்க 22 பேர். நோய் உள்ளவர்களின் வலது பக்க ஹிப்போகம்பஸ் சராசரியாக 8 சதவீதம் சிறிதாக இருந்தது. தேக்கரண்டிக் கணக்கில் 8 சதவீதம் என்பது ஏறக்குறைய ஐந்தாறு துளி. அக்காவின் போனில் இருந்த மோர் மிளகாய்ப் படத்துக்கும் ஐந்தாறு துளிக்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிப் படம் போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதை நடுச்சாமத்தில் பார்ப்பவர் யார் என்று அவர்கள் யோசிப்பதில்லை.

சின்ன ஆய்வுகளில் வித்தியாசம் பெரிதாகத் தெரிவது வழமை. ஆட்கள் கூடக் கூட அது இறங்கும். 2018இல் 16 ஆய்வுக் குழுக்களின் ஸ்கான்களைச் சேர்த்து 1868 பேரை ஒரே முறையில் அளந்தார்கள். அவர்களில் 794 பேருக்குப் பி.ரி.எஸ்.டி. ஹிப்போகம்பஸ் சிறிதாக இருப்பது அங்கேயும் உறுதியானது. ஆனால் புள்ளிவிபரக்காரர்களின் அளவுகோலில் அது சின்ன வித்தியாசம் என்ற வரிசையில்தான் வந்தது.

சின்ன வித்தியாசம் என்றால் என்ன? அக்காவுக்கு நான் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். விடிய மீன் சந்தைக்குப் போகிறீர்கள். இரண்டு பெட்டி சூடை மீன். இரண்டையும் கொட்டி ஒவ்வொன்றாக நிறுத்தால், ஒரு பெட்டியின் சராசரி மற்றதைவிடக் கொஞ்சம் குறைவு. அது உண்மைதான், தராசு பொய் சொல்லாது. ஆனால் இரண்டு பெட்டியிலும் பெரிய மீனும் உண்டு, சின்ன மீனும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மீனை எடுத்துத் தந்து, "இது எந்தப் பெட்டி?" என்று கேட்டால் சொல்லவே முடியாது. மூளை ஸ்கானும் அப்படித்தான். ஒருவரின் படத்தை மட்டும் பார்த்து இவருக்குப் பி.ரி.எஸ்.டி. இருக்கிறது, இல்லை என்று சொல்லக்கூடியவர் உலகத்தில் இல்லை. அதனால் இந்த நோயைக் கண்டுபிடிப்பதற்கென்று கொழும்புக்குப் போய் ஸ்கான் எடுக்கக் காசு சேர்க்க வேண்டாம். வைத்தியர் எதிரில் இருந்து கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கு வரும் விடைகளும்தான் இங்கே பரிசோதனை. தலையில் அடிபட்டது, வலிப்பு வருகிறது என்றால் ஸ்கான் கேட்பார்கள், அது வேறு விசயம்.

"சின்னதோ பெரிசோ, சுருங்கினது சுருங்கினதுதானே" என்றார் அக்கா. மீன் விற்கிற வீட்டில் பிறந்தவர், லேசில் விடமாட்டார்.

அந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. சுருங்கியது என்று சொல்ல, முன்பு பெரிதாக இருந்தது தெரிய வேண்டும். போருக்குப் போகமுதல் அந்த வீரர்களின் மூளையை யாரும் அளந்து வைக்கவில்லையே. இருந்தபடியே சிறிதாக இருந்திருந்தால்?

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி கிடைத்தது. உருவொத்த இரட்டையர்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள், மரபணு ஒன்று, பெரும்பாலும் வளர்ந்த வீடும் ஒன்று. அவர்களில் ஒருவர் வியட்நாமில் போர்முனைக்குப் போனவர், மற்றவர் போர்முனையைக் காணாதவர். அப்படியான சோடிகளைத் தேடிப் பிடித்து அண்ணன் தம்பி இரண்டு பேரையும் ஸ்கான் எடுத்தார்கள். மார்க் கில்பேர்ட்சனும் சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு அது. யோசித்துப் பாருங்கள்: போர்தான் ஹிப்போகம்பஸைச் சுருக்கியது என்றால், நோயோடு திரும்பியவருக்கு மட்டும்தான் சிறிதாக இருக்க வேண்டும். போர்முனையைக் காணாத சகோதரருக்கு வழமையான அளவில் இருக்க வேண்டும்.

அப்படி இருக்கவில்லை. கடுமையான நோயோடு திரும்பியவருக்கும் சிறிது, அவருடைய சகோதரருக்கும் சிறிது. போருக்குப் போயும் நோய் வராமல் திரும்பியவருக்குப் பெரிது, அவருடைய சகோதரருக்கும் பெரிது. போர்முனையைக் காணாத ஒருவரின் ஹிப்போகம்பஸை அளந்து, போன சகோதரருக்கு நோய் எவ்வளவு கடுமை என்று ஓரளவு ஊகிக்கக்கூடியதாக இருந்தது. இந்தப் பகுதியை முதன்முதல் வாசித்த அன்று எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரும்பவும் வாசித்தேன்.

இதன் அர்த்தம், சிறிய ஹிப்போகம்பஸ் நோயின் விளைவாக மட்டும் இருக்கத் தேவையில்லை. அது முன்பே இருந்த ஒரு தன்மையாகவும் இருக்கலாம். மழைக்கு முன்பே கூரையில் ஒரு ஓடு விலகியிருந்தது போல. மழை பெய்யாவிட்டால் அந்த ஓட்டால் யாருக்கும் ஒரு கரைச்சலும் இல்லை. போர்முனையைக் காணாத சகோதரர் நோயில்லாமல்தானே வாழ்ந்தார்.

ஆனால் எல்லாவற்றையும் பிறப்பின் தலையில் கட்டிவிடவும் முடியாது. இதே இரட்டையர் முறையில் 2008இல் கசாய் என்பவரின் குழு வேறொரு இடத்தைப் பார்த்தது. நான் முன்பு சொன்ன வீட்டுக்காரர், சிங்கியுலேட்டின் முன்பகுதி. அங்கே நோய் உள்ளவருக்கு, நரம்புக் கலங்கள் செறிந்த சாம்பல் நிறப் பொருள் குறைந்திருந்தது, சகோதரருக்குக் குறையவில்லை. அப்படியானால் இது பிறகு வந்தது. ஒரே தலைக்குள் ஒரு வித்தியாசம் முன்பே இருந்திருக்கிறது, இன்னொன்று பின்னால் வந்திருக்கிறது. ஹிப்போகம்பஸிலும் இரண்டும் கலந்திருக்கலாம் என்றுதான் இன்று பலர் எழுதுகிறார்கள்.

அமிக்டலாவின் அளவு? இவ்வளவு குரைக்கும் நாய் பெருத்திருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். ஸ்கான் அப்படிச் சொல்லவில்லை. சில ஆய்வுகளில் சிறிது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. 2018 ஆய்வில் சற்றுச் சிறிதாக இருப்பது போலத் தெரிந்தாலும், கடுமையான கணக்கில் நிற்கவில்லை. சத்தத்துக்கும் உடம்புக்கும் தொடர்பில்லை என்பதை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் நாய்களைப் பார்த்தாலே தெரியும்.

பிறகு வரும் மாற்றம் எப்படி வருகிறது? வழக்கமாகச் சொல்லப்படுவது கோட்டிசோல் கதை. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல இருக்கும் சுரப்பி, நெருக்கடியில் கோட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்கும். அதை ஏற்கும் இடங்கள் ஹிப்போகம்பஸில் நிறைய உண்டு. நியூயோர்க்கில் புரூஸ் மக்இவனின் ஆய்வுக்கூடத்தில் எலிகளை நாள்தோறும் சில மணிநேரம் அசைய முடியாமல் அடைத்து, 21 நாள் கழித்து மூளையைப் பார்த்தார்கள். ஹிப்போகம்பஸின் ஒரு பகுதியில் நரம்புக் கலங்களின் கிளைகள் குட்டையாகியிருந்தன. கலங்கள் சாகவில்லை, கிளைகள்தான் ஒடுங்கியிருந்தன. நெருக்கடியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நாள் விட்டால் கிளைகள் திரும்ப வளர்ந்தன. முருங்கையை ஒடித்துவிட்டால் தளிர்க்குமே, அதுபோல.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் பாடம் எடுக்க லேசாக இருக்கும். ஆனால் றேச்சல் யெஹுதா என்ற ஆய்வாளர் பி.ரி.எஸ்.டி. உள்ளவர்களின் கோட்டிசோலை அளந்தபோது, பலரிடம் அது வழமையைவிடக் குறைவாகவே இருந்தது. கூடினால்தானே கிளை ஒடுங்க வேண்டும்? உடம்பு கோட்டிசோலுக்குக் கூடுதலாகக் கூசத் தொடங்கிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். எலியில் கண்டதை அப்படியே மனிதர் தலையில் ஏற்றக்கூடாது என்பது என் பக்கத்துக் குறிப்பு.

அக்காவின் கடைசிக் கேள்வி எல்லோருடைய கேள்வியும்தான். திரும்பப் பழையபடி வருமா?

எரிக் வெர்மெட்டனும் பிரெம்னரும் சகாக்களும் 2003இல் எழுதினார்கள்: பி.ரி.எஸ்.டி. உள்ளவர்கள் பறொக்செற்றின் என்ற மருந்தை 9 முதல் 12 மாதம் வரை எடுத்த பிறகு, ஹிப்போகம்பஸின் கனவளவு சராசரியாக 5 சதவீதமளவில் கூடியிருந்தது, நினைவுத்திறன் பரிசோதனையிலும் முன்னேற்றம். சின்ன ஆய்வு, மருந்தில்லாத ஒரு குழுவை ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. ஆகவே இதை மட்டும் பிடித்துக்கொண்டு ஆடக்கூடாது. அதேநேரம், வளர்ந்தவரின் மூளை சீமெந்து போட்டு இறுகியது அல்ல என்று காட்டும் ஆய்வுகளில் இதுவும் ஒன்று. மருந்தை வைத்தியர் சொல்லித்தான் எடுக்க வேண்டும், சுகமானதும் நினைத்த மாதிரி நிறுத்தக்கூடாது என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவைக்கிறேன்.

மருந்தைவிட முன்னால் வைத்துப் பேசப்படுவது பேச்சுச் சிகிச்சை. அதில் பயம் அழிக்கப்படுவதில்லை. பழைய நினைவு அங்கேயே கிடக்கும், அதற்கு மேல், "இந்த மணம் வந்தாலும் இப்போது ஆபத்தில்லை" என்ற புதுப்பாடம் எழுதப்படும். அந்தப் பாடத்தை எழுதி வைத்திருப்பதில் நெற்றிப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெரிய பங்கு. எந்த இடத்தில் எந்தப் பாடம் செல்லும் என்று சொல்வது ஹிப்போகம்பஸ். அதனால்தான் சுகமாகிவிட்டார் என்று நினைத்த ஒருவர் பல வருடம் கழித்து ஒரு டிசம்பரில் திரும்ப நடுங்கலாம். அது தோல்வி அல்ல, பழைய பாடம் அடியில் கிடப்பதன் இயல்பு.

இந்தச் சிகிச்சைகளில் ஒன்று எங்கள் பக்கம் கொஞ்சம் பழக்கமானது. ஜேர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் உருவாக்கியது. வாழ்க்கைக் கதையை முதலிலிருந்து சொல்ல வைப்பது அதன் அடிப்படை. சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் ஒரு முகாமில், 8 முதல் 14 வயது வரையான 31 பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்த முறையும், மற்றவர்களுக்குத் தியானமும் மூச்சுப் பயிற்சியும் சேர்ந்த வேறொரு முறையும் 6 அமர்வுகள் கொடுத்தார்கள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, கதை சொன்ன பிள்ளைகளில் 81 சதவீதமும் தியானம் செய்தவர்களில் 71 சதவீதமும் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். ஆட்கள் குறைவாக இருந்ததால் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் எத்தனை பேர் தானாக மீண்டிருப்பார்கள் என்பதும் அதில் இல்லை. 2009இல் வெளிவந்த ஆய்வு. அதில் யாருக்கும் ஸ்கான் எடுக்கவில்லை. மூளையைப் பார்க்காமலே மூளைக்கு வைத்தியம்.

அந்த முறையில் முதல் நாள் செய்வதை அக்காவுக்குச் செய்தே காட்டினேன். நிலத்தில் ஒரு கயிற்றை நீட்டுவார்கள். ஒரு நுனி பிறந்த நாள். அங்கிருந்து வரிசையாக, நல்லது நடந்த இடங்களில் பூ, கெட்டது நடந்த இடங்களில் கல். பெரிய கெட்டதுக்குப் பெரிய கல். கலியாணம் ஒரு பூ, மூத்த பிள்ளை ஒரு பூ, இடப்பெயர்வு ஒரு கல், 2004 ஒரு கல். அன்றைக்குக் கதையை விரித்துச் சொல்லத் தேவையில்லை, பெயர் சொல்லி வைத்தால் போதும். அடுத்த அமர்வுகளில் ஒவ்வொரு கல்லாக எடுத்து, எந்த இடம், என்ன நேரம், என்ன மணம், அப்போது உடம்பு என்ன செய்தது, இப்போது என்ன செய்கிறது என்று மெதுவாகப் பேசுவார்கள். முத்திரை விழாத கடிதத்துக்கு இருந்து ஊரும் திகதியும் எழுதும் வேலை இது. தெரிந்தவர் துணையில்லாமல் வீட்டில் செய்து பார்க்கக்கூடாது. கல்லைத் தூக்கியபின் வைக்கத் தெரியாவிட்டால் கஷ்டம். கயிற்றின் மற்ற நுனியை நீட்டாமல் சுருட்டியபடியே விடுவார்கள், அது இனி வரப்போகிற காலம்.

ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் முதலில் பேசிப் பார்க்கலாம் என்றும், போகக் கூச்சமாக இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துத் தமிழிலேயே பேசலாமா என்று கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னேன். அக்கா அந்தப் படத்தைப் போனிலிருந்து அழித்தார். பிறகு நிலத்தில் கிடந்த என் கொடிக்கயிற்றையும், நான் பூவுக்குப் பதிலாக வைத்த சோக்குத் துண்டுகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கயிறுதான் வேணுமெண்டால்" என்றார், "அது அவரிட்ட வேண்டிய அளவு கிடக்கு."